ஆறு கன்றுகளும் கைப்பிடி இல்லாத கோப்பையும்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவன் எழுத வந்தது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓட்டும் நகராட்சித் தண்ணீர் லாரியில் கைப்பிடி இல்லாத பீங்கான் கோப்பை ஒன்று இருக்கிறது. அதில் டீ ஊற்றும்போதெல்லாம் எங்கள் நகராட்சியில் இருந்த ஓவர்சியர் அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் வைக்க, தென்னமெரிக்க மரம் ஒன்றை அந்த அம்மா தேடிப் பிடித்தார். பங்குனியில் இலையெல்லாம் கொட்டி, மரம் முழுக்க ரோஸ் பூவாக நிற்குமாம். எங்கெங்கோ விசாரித்து, ஓசூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் பத்துக் கன்றுகள் வாங்கி வந்து நட்டோம். ஐப்பசி மழையில் பத்தும் வேர் அழுகிச் செத்தன. "வேம்பு, புங்கன் இல்லாத ஊரு பாரு! சீமையிலேர்ந்து வெறகு கொண்டாந்து நட்டாங்க" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கேட்டது. கன்றுகள் செத்த காரணம் எனக்குத் தெரியும். லாரிக்கு வருமுன் எங்கள் ஊர்ப் பீங்கான் கம்பெனியில் களிமண் பிசைந்தவன் நான். குழி வெட்டும்போதே சொல்லியிருக்கலாம். கூச்சம், வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் கன்று ஏற்ற என்னையும் ஓசூருக்கு அழைத்துப் போனார். நர்சரிக்காரரிடம் ஆறுதான் மிச்சம். "வேற எங்கயும் கெடைக்காதும்மா. மறுபடி சாகடிக்கிறதுக்கு நான் குடுக்க மாட்டேன்" என்றார். அம்மா தலை குனிந்து நின்றார். எப்படித் துணிச்சல் வந்ததோ, வண்டியிலிருந்த இந்தக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி நர்சரிக்காரர் முன்னால் வைத்தேன்.

"எங்க ஊரு களிமண்ணுல குழி வெட்டுனா இப்படித்தாங்க. தண்ணி கீழ எறங்காது. தெரிஞ்சும் சொல்லாதது என் தப்பு. இந்த வாட்டி குழிக்குப் பக்கத்துல வடிகால் வெட்டி, ஒடஞ்ச பீங்கான் சில்லு நெரப்பி, மேடு கட்டி நடுறோங்க."

அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு கன்றுகளையும் அவரே தூக்கி வந்து வண்டியில் வைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "யோவ், போன வருஷம் வாயில என்னய்யா வெச்சிருந்த?"

சொன்னபடியே மேடு கட்டி நட்டோம். அதற்கப்புறம் எத்தனையோ மழை பெய்துவிட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை. இந்தப் பங்குனியில் ஆறும் ஒன்றாகப் பூத்தன. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் இறங்கியே வந்துவிட்டார்கள். அன்று சிரித்த டீக்கடைக்காரர் மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓவர்சியர் அம்மா திட்டக்குடியிலிருந்து வந்தார். அந்தக் கோப்பையில்தான் டீ கொடுத்தேன். "சுடுதுய்யா" என்று முந்தானையில் பிடித்துக்கொண்டு, பூவை அண்ணாந்து பார்த்தபடியே குடித்து முடித்தார்.

மறுநாள் ரோடெல்லாம் பூ கொட்டிக் கிடந்தது. கூட்டி அள்ளினோம்.