நினைவுச் சோதனைக்கு அத்தானும் வந்தார்

என் மனைவியின் வலிப்புக்கு மூளையில் அறுவை செய்யலாமா என்று பார்க்க, மதுரையில் முதலில் நினைவுச் சோதனை வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். திருமணமான மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்கு வந்த வலிப்புகளையெல்லாம் நாள், நேரத்தோடு நோட்டில் எழுதியிருக்கிறேன். சோதனை செய்யும் பெண் அதைப் புரட்டிவிட்டு, "முதல் வலிப்பு எப்போ?" என்றார்.

அது என் நோட்டில் இல்லை. பெண் கொடுத்தவர்கள் மறைத்த சங்கதி.

அதற்காக ராஜபாளையத்திலிருந்து அவளுடைய தாய்மாமன் மகனை வரவழைத்தோம். ராணுவத்தில் இருந்தவர். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவர்.

"பதினொரு வயசு. எங்க வீட்டு அடுப்படியில. கையில சாவிக்கொத்தக் குடுத்தாக, நிக்கல. நாந்தான் ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன்."

"அத்தான் அன்னைக்கு அழுதாக" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

சோதனையின்போது உறவினர் வெளியே இருக்க வேண்டுமாம். எந்த விதியிலும் விலக்கு உண்டு என்று வாதாடி நான் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். அத்தான் வெளியே நின்றது திருப்தியாக இருந்தது.

பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டி, அரை மணி கழித்துத் திரும்பக் கேட்டார்கள். ஆறுக்கு மேல் வரவில்லை. வெளியே போய் அந்த ஆளிடம் ஆறு என்றா சொல்வது? ஏழாவதை உதடசைத்துக் காட்டினேன். எட்டாவதையும்.

அந்தப் பெண் தாளை மூடினார். "சார், நோயுள்ள பக்கத்துல நினைவு நல்லா இருக்குன்னு நான் எழுதிட்டா, வெட்டினா போயிரும்னு ஆபரேஷனே வேண்டாம்பாங்க."

சோதனை செல்லாது. சில வாரம் கழித்து வேறு சொற்களோடு மறுபடி வரச் சொன்னார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் மறந்ததையும் நீங்களே சொல்லுவீகளாக்கும்" என்றாள்.

அடுத்த முறை எனக்கும் கதவு சாத்தப்பட்டது. வராந்தா பெஞ்சில் அத்தானும் நானும்.

"எம்புட்டுச் சொல்லுவா அண்ணாச்சி?"

"தெரியல."

அவருக்கும் தெரியாது என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.

வெளியே வந்தவள், "அஞ்சுதான், அத்தான்" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள்.

குறைவு நோயுள்ள பக்கத்தில்தான், இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, அறுவை செய்யலாம் என்றார்கள். அவள் கையெழுத்திட்டாள். கீழே கணவர் கையெழுத்து. அத்தான் தன் பேனாவை நீட்டினார்.

"இருக்கு" என்றேன்.