ஆட்டமில்லாத மாதங்கள்

சன்னிவேலில் எங்கள் அபார்ட்மெண்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஃபுட்பால்தான். அமெரிக்க ஃபுட்பால், காலால் உதைப்பது குறைவு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுவதுதான் அதிகம். என் வீட்டுக்காரரும் அவருடைய ஆபீஸ் நண்பர்களும் டிவி முன்னால் உட்காருவார்கள். எல்லோரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். அதன் மூடநம்பிக்கையையும் ஊறுகாயோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நம் ஆள் சிக்ஸர் அடிக்கும்போது யார் எங்கே இருந்தாரோ, ஆட்டம் முடியும்வரை அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். ஒரு நாள் நான் பஜ்ஜியைத் திருப்பிப்போட உள்ளே போன நேரம் பார்த்து எங்கள் டீம் டச்டவுன் போட்டு ஆறு பாயிண்ட் எடுத்துத் தொலைத்தது.

“அண்ணி, ப்ளீஸ், அங்கயே நில்லுங்க. நீங்க ஹாலுக்கு வந்தா மேட்ச் போச்சு!”

அதோடு சரி. அப்புறம் வந்த சீசன்களையெல்லாம் அடுப்படியில் நின்று காதால்தான் பார்த்தேன். தோற்ற நாளில், “அண்ணி, எட்டிப் பார்த்தீங்களா?” என்று விசாரணை வேறு. நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

என்னுடைய சீசன் பிப்ரவரியில்தான் தொடங்கும். ஆட்டமெல்லாம் முடிந்து நண்பர்கள் வருவது நின்றுவிடும். டீம்கள் ஆட்களை எடுப்பதும் விடுவதும் அந்த மாதங்களில்தான் நடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்தியவள் நான். இங்கே வந்தது டிபெண்டென்ட் விசாவில். வேலை பார்க்கக் கூடாது. பகலெல்லாம் வீட்டில் கிடப்பவளுக்குப் பேப்பரில் ஸ்போர்ட்ஸ் பக்கம்தான் துணை. சாயங்காலம் அவர் வந்ததும், தோசை ஊற்றிக்கொண்டே யார் போனார், யார் வந்தார் என்று சொல்வேன். முகம் கழுவக்கூடப் போகாமல் நின்று கேட்பார். எங்களுக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது அந்த மாதங்களில் மட்டும்தான்.

அந்த வருஷங்களில் விதிகள் மாறின. முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்தாலும் ஒரு ஆட்டக்காரரை டீம் லேசில் விடாது. புது விதிப்படி, சில வருஷங்கள் ஆடி ஒப்பந்தமும் முடிந்தவர் எந்த ஊர் டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம். கூடவே, ஒரு டீம் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று உச்சவரம்பும் வந்தது. அதற்குள் அடங்காத பழைய ஆட்களைக் கழற்றிவிட்டார்கள். சிலர் தாங்களே கிளம்பினார்கள். முழங்கால் தேய எங்கள் டீமுக்கே ஆடிய ஒருவரும் கிளம்பியபோது என் வீட்டுக்காரருக்கு மனசே ஆறவில்லை.

“இத்தன வருஷம் சோறு போட்ட டீமை விட்டுட்டு எப்படிப் போறான் பாரு.”

“போகட்டுமே! அவன் என்ன நேர்ந்துவிட்ட ஆடா? நல்ல இடம் கெடைச்சாப் போகணுமுங்க. இருக்கறது ஒரு வாழ்க்கை.”

நான் அப்படிச் சூடாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணின கம்பெனியை விட்டு அவர் நகர முடியாது. நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. கார்டு வராமல் நான் வேலைக்குப் போக முடியாது. ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டது, எங்களுக்குத் திறக்கவில்லை. அவர்களுக்காக வாதாடும்போதெல்லாம் எனக்காகவும் வாதாடுவதாக நினைத்துக்கொள்வேன். வருஷா வருஷம் அதே சண்டை, அதே வசனம்.

ஒருவழியாகக் கார்டு வந்தது. ரெஃபரியின் தீர்ப்பை வீடியோவில் பார்த்து மாற்றும் விதியை, நடுவில் கைவிட்டதை, திரும்பக் கொண்டுவந்த வருஷம் அது. குபெர்டினோ பக்கம் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் லேபுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இன்டர்வியூ முடிந்து கை குலுக்கினார்கள். ஆகஸ்டில் சேரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கேசரி கிளறி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

கார்டு வந்ததும் வெளி மாநிலக் கம்பெனிகளுக்கும் அப்ளை பண்ணியிருந்த அவரும் சிரித்த முகமாகத்தான் வந்தார்.

“பிளானோ ஆஃபர் வந்துருச்சு! டைரக்டர் போஸ்ட். நான் அக்செப்ட் பண்ணிட்டேன்.”

“எனக்கும் வேலை கெடைச்சிருச்சுங்க. இங்க, குபெர்டினோல.”

அவர் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, “அங்கயும் காலேஜ் இருக்குமில்ல. நீதான எப்பவும் சொல்லுவ? நல்ல இடம் கெடைச்சாப் போகணும், இருக்கறது ஒரு வாழ்க்கைன்னு” என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். அவர் குத்திக்காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். நான் சந்தோஷப்படுவேன் என்று மனசார நம்பினார். மறுநாள் கல்லூரிக்கு நானே ஃபோன் பண்ணி, வர முடியாது என்று சொன்னேன்.

பிளானோவிலும் கல்லூரிகள் இருந்தன. நான் இத்தனை வருஷம் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்கள். அவர் டோல்வேயில் காசு கட்டி ஆபீஸுக்குக் காரில் போவார், வருவார். நான் வீட்டில் பேப்பர் படித்தேன்.

அடுத்த வசந்தத்திலும் ஆட்கள் டீம் மாறினார்கள். புது ஜெர்சியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஒருவரின் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. அவர் எத்தனை கெஜம் ஓடினார், எந்த முழங்காலில் ஆபரேஷன் என்பதெல்லாம் எழுதியிருந்தார்கள். அவர் மனைவி எந்த வேலையை விட்டுவிட்டு அந்த ஊருக்கு வந்தாள் என்று ஒரு வரி இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். அப்படி ஒரு வரி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.