சலவைக்கூடத்துச் செடிகள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்கு ‘இலைக்காரி’ என்று பெயர் வரக் காரணம், வாசலில் வெயில் எட்டிப் பார்க்காத ஒரு பாத்தி. எந்தப் பூச்செடி வைத்தாலும் அங்கே நோஞ்சானாகத்தான் நின்றது. இவள்தான் கோலியஸ் என்ற இலைச்செடியைக் கொண்டுவந்து நட்டாள். ரத்தச் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், கத்தரிக்காய் ஊதா என்று இலையிலேயே அத்தனை நிறம். பூத்தண்டு தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுவாள்; பூக்க விட்டால் இலை இளைத்துப்போகும். எப்போது பூக்கும் என்று கேட்ட நோயாளி ஒருவரிடம், “என் கண்ணு தப்பினா பூக்கும்” என்றாளாம்.

வெப்பநாட்டுச் செடி அது. அவர்கள் இருந்த குளிர்ப்பிரதேசத்தின் முதல் உறைபனியிலேயே கறுத்துக் கூழாகிவிடும். அதனால் குளிருக்கு முன்பே நுனித்தண்டுகளைக் கிள்ளி, பிளாஸ்டிக் டம்ளர்களில் மண் நிரப்பி நட்டு, சலவைக்கூடத்து ஜன்னலோரம் வைத்துவிடுவாள். துணி உலர்த்தும் இயந்திரங்களின் கதகதப்பில் அவை சொகுசாக வேர் பிடித்து, குளிர் விலகியதும் பாத்திக்குத் திரும்பும்.

ஒரு வருடம், குளிர் உச்சத்தில், சலவை இயந்திரங்களுக்கு நீராவி தரும் பாய்லர் படுத்துவிட்டது. துணிகளை வெளியே சலவைக்கு அனுப்பினார்கள்; கூடம் ஐஸ்பெட்டியாயிற்று. இலைகள் துவள ஆரம்பித்தன. அவள் வீடோ ஒற்றை அறை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், “இப்பவே செருப்பை எடுக்க உன் செடிகிட்ட அனுமதி கேக்க வேண்டியிருக்கு” என்று கையை விரித்தார்.

வேறு வழியில்லை. அழுக்குத்துணி வண்டியில் டம்ளர்களை ஏற்றிக்கொண்டு மாடி மாடியாகப் போனாள். கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நர்ஸுகள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்த்த நாத்தனார் இரண்டு எடுத்துக்கொண்டாள். வாசல் காவலாளியை ‘சிடுமூஞ்சி’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவரிடம் கேட்கவே பயந்து இவள் தாண்டிப் போனபோது, “எனக்குக் கிடையாதா?” என்று அவரே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

குளிர் போனது. பாய்லரும் சரியானது. செடிகளைத் திரும்பக் கேட்டால், ஒருவருக்கும் கொடுக்க மனமில்லை. “குடுத்ததத் திரும்பக் கேப்பாங்களா அண்ணி?” என்றாள் நாத்தனார். காவலாளியின் அறையில் பெயின்ட் டப்பாவுக்கு மாறியிருந்த செடி, ஹீட்டர் பக்கத்தில் புதராக நின்றது.

“தர மாட்டேம்மா. டியூட்டில எனக்குப் பேச்சுத்துணையே இதுதான். வேணும்னா நுனி கிள்ளிக்கோ. என் முன்னாடியே கிள்ளு.”

கிள்ளினாள். எல்லோரிடமும் போய்க் கிள்ளினாள். எல்லாம் வேர் பிடித்தபோது, பாத்தி நிறைந்தும் ஒரு வண்டிச் செடி மிச்சமிருந்தது. அதைக் காவலாளி அறையை ஒட்டிய மண்ணில் வைப்பதென்று முடிவாயிற்று. விடுமுறை நாளில் கணவர் முணுமுணுத்துக்கொண்டே கொத்தினார். வரிசை கோணலாகப் போகிறது என்று குழாயும் கையுமாக நின்ற காவலாளி குறை சொன்னார். இருவரையும் சண்டைபோட விட்டுவிட்டு, இலைக்காரி படியில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தாள்.