உயர்நிலைச் சிந்தனைக்கு மனப்பாடம்

எங்கள் பள்ளியில் சிந்தனையைக்கூட மனப்பாடம் செய்வோம். இனி உருப்போடக் கூடாது, பிள்ளைகள் யோசிக்க வேண்டும் என்று புதுப் பாடத்திட்டம் சொன்னது. அதற்காக 'உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள்' வந்தன. கூடவே விடைகளும் வந்தன. போட்டோகாப்பி எடுத்துக் கொடுத்தார்கள், உருப்போட்டோம்.

அப்போது எனக்குப் பத்து வயது. கிள்ளானில் நான் படித்த தமிழ்ப்பள்ளியில் என் சித்திதான் அறிவியல் டீச்சர். சித்தியின் மகளும் என் வகுப்புதான். சித்தி தற்காலிக ஆசிரியை. ஷா ஆலம் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவரிடம் நல்ல பெயர் வாங்கினால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஒரு வாரம் முழுக்கக் காரை ஓட்டிக்கொண்டே சித்தி கேள்வி கேட்பார். பின்னிருக்கையிலிருந்து நாங்கள் இருவரும் ஒப்பிப்போம். என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகப் பாடம்.

அந்த நாளும் வந்தது. மேசைமேல் ஒரு கண்ணாடிப் போத்தல். உள்ளே ஈரப் பஞ்சு. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் தலைகீழாகச் செருகிய ஒரு பச்சைப் பயறு. வகுப்பு ஜன்னலோரம் பல நாளாக இருந்ததுதான். ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

விதையைத் தலைகீழாக நட்டால் என்ன ஆகும் என்று சித்தி கேட்டார். வேர் கீழே போகும், தண்டு மேலே போகும் என்று நான் எழுந்து முழங்கினேன். அதிகாரி அம்மா தலையசைத்தார். ஏன் அப்படி என்ற கேள்வி சித்தி மகளுக்கு. புவியீர்ப்பு என்று தொடங்கும் இரண்டே வரி; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

எழுந்தாள். போத்தலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். மேலே கிளம்பிய வேர், வழி தப்பியது தெரிந்ததுபோல் வளைந்து திரும்பிக் கீழே இறங்கியிருந்தது.

"மறந்துட்டா லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதுக்குக் கண்ணே இல்லியே டீச்சர்," என்றாள் சித்தி மகள் கடைசியில். "கீழ எதுன்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

சிலர் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் தெரியலம்மா," என்றார். டீச்சர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோயிலில் திரை விலகும்போது ஓர் அமைதி வருமே, அது அன்று எங்கள் வகுப்புக்கு வந்தது.

பிறகு சித்தி மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினார். ஒன்றிலிருந்து ஆறு வரை நிலைகள், ஆறுதான் உச்சம். எனக்கு நான்கு போட்டார். தன் மகளுக்கு ஆறு.

"விடையே சொல்லலையே டீச்சர். சொந்தப் பிள்ளை வேற," என்றார் அதிகாரி அம்மா.

"யோசிச்சா மேடம். அதுக்குத்தானே இந்தக் கட்டம்?"

சிபாரிசு வரவில்லை. அந்த ஆண்டோடு சித்தியின் வேலை போயிற்று. அம்பாங்கில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தார். அங்கே விடைகள் மட்டும் போதுமாம்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். சித்தி தன் மகள் என்று பார்த்து ஆறு போட்டுவிட்டார் என்று அன்று மாலை அம்மாவிடம் அழுதேன். அம்மா உடனே தன் தங்கைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். சித்தி ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. மறுக்காததால் உண்மைதான் என்று எனக்கு உறுதியாயிற்று.