அத்தைகளுக்குப் புரிய வேண்டிய பாட்டு

ஆபீஸில் அவள் வாணி. முழுப் பெயர் வான்மதி, கோபிசெட்டிபாளையத்துக்காரி, வீட்டில் முதல் பட்டதாரி. அமெரிக்காவில் சுகர் லேண்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும், மீட்டிங்கில் பேசுமுன் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் இஸ்திரி போட்டுக்கொள்வாள்.

அவளோடு ஒரே காரில் வேலைக்குப் போகும் எலானா நியூ ஜெர்சியில் பிறந்தவள். கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதக் குடும்பம். தன் அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டு விருந்தில், கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த கல்யாணப் பாட்டு ஒன்றைப் பாட ஆசைப்பட்டாள். இஸ்ரேலிலிருந்து அத்தைகள் ஜூமில் வருவார்கள். ஆனால் எலானாவுக்கு மலையாளத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. யூடியூபில் ஒரு பழைய பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டி, காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து, ஃப்ரீவேயில் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

"இரு, இரு. இப்ப என்ன சொன்ன?" என்றாள் வான்மதி.

"யாருக்குத் தெரியும்? தப்பா?" என்றாள் எலானா ஆங்கிலத்தில்.

"மணவாளன் வந்தான்னு சொன்ன. மாப்பிள்ளை வர்றாரு. அடுத்தது பொன்மாலை…"

வியப்பில் எலானா, இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டாள்.

வான்மதிக்குத்தான் உறுத்தல். யூதர்களின் மலையாளப் பாட்டைத் திருத்த நான் யார்? "தமிழ் மாதிரி இருக்கற பாதிதான் எனக்குப் புரியுது. மீதி ஹீப்ருவோ என்னவோ. வேற யாரையாவது கேளேன்."

"ஹீப்ரு என் பாடு. நீ பாதி, நான் பாதி, ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள். அத்தைகளுக்கு வார்த்தை புரியணும், வாணி. 'குழந்தை என்னமோ பாடிச்சு'ன்னு கை தட்டிட்டாங்கன்னா நான் தோத்தேன்."

அந்த வாரம் முழுக்க டிராஃபிக்கில் 'ழ' பழகினார்கள். பக்கத்துக் காரில் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தைகள் ஜூம் திரையில் கட்டம் கட்டமாக வந்தார்கள். ஒருவருக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்தது. எலானா பாடினாள், பக்கத்தில் வான்மதி. முதல் அடி முடிந்தும் ஒரு முகத்திலும் அசைவில்லை. என்னால்தான் கெட்டது என்று நினைத்தாள் வான்மதி.

இரண்டாவது அடியில் நெற்றி அத்தை மியூட்டை எடுத்தார். "அங்ஙனெயல்லா!"

வரி அப்படியில்லையாம். அவரே பாடிக் காட்டினார். "ஞங்ஙடெ பறவூரில் இங்ஙனெயா!" என்று தன் ஊர் வழக்கைச் சொல்லி இன்னொருவர் குறுக்கே பாய்ந்தார். மூன்றாமவர் இருவரையும் ஹீப்ருவில் அடக்கப் பார்த்து, கோபம் ஏற ஏறத் தானும் மலையாளத்துக்கு வந்து சேர்ந்தார். குடும்ப வாட்ஸ்அப்பில் இதயப் படம் தவிர வேறு எதையும் போடாதவர்கள்!

"சண்டை போடறாங்களா?" எலானாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"ஆமா."

"பாட்டு புரிஞ்சுதா?"

"புரிஞ்சதாலதான்!"

சட்டென்று நெற்றி அத்தை கேமராவுக்குள் இறங்கி வான்மதியைப் பார்த்தார். "நீ பற, மோளே. ஏதா சரி?" எது சரி என்று வான்மதியே சொல்ல வேண்டுமாம்.

இஸ்திரி போட நேரமில்லை. "எனக்கு ரெண்டுமே புரியுதுங்க," என்றாள், கோபியில் பேசுகிற மாதிரியே.

அது எப்படி இரண்டும் சரியாகும் என்று அத்தைகள் மறுபடி ஆரம்பித்தார்கள்.