கட்டை இல்லாமல் ஏறிய மேடு

பெரிய டயர் போட்டது என் வீட்டுக்காரர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழி என் மேல் விழக்கூடாது.

பள்ளத்தில் பறிக்கிற தேயிலைக் கொழுந்தை மேட்டிலிருக்கும் ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது எங்கள் பழைய ஃபோர்வீல் லோரிதான். ஓட்டுவது நான், பழுது பார்ப்பது அவர். மழையில் பாதை குழிந்து லோரியின் அடிப்பாகம் மண்ணில் தட்டியதால், நான்கு சக்கரத்துக்கும் உயரமான டயர்களை மாட்டினார். அடி தப்பியது. ஆனால் பாரத்தோடு ஏறினால் பாதி மேட்டில் இஞ்சின் திணறியது, கிளட்ச் கருகியது. லோரி பின்னால் உருளாமலிருக்க அவர் ஒரு மரக்கட்டையோடு கூடவே நடந்து வருவார். நின்றதும் சக்கரத்துக்கு அடியில் செருகுவார். ஒருநாள் கட்டை வழுக்கியது. அவர் கால் மயிரிழையில் தப்பியது.

அன்று தாமதத்தில் கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்துபோனது. ஃபேக்டரி துரை அதைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"திங்கக்கிழம நிக்காம ஏறணும். இல்லன்னா வேற லோரி பாத்துக்கிறேன்."

எங்கள் பிழைப்பே அந்த லோரிதான்.

"பழைய டயரையே போட்டுடறேன்," என்றார் வீட்டுக்காரர்.

"மறுபடி அடி தட்டவா? டயர் பெருசானா இழுவ குறையும்ங்க. அச்சுல இருக்கிற பல்சக்கரத்த மாத்துங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்த இஞ்சின் இன்னும் நாலு சுத்து கூட சுத்தட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே தானா ராத்தா டவுனில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தார். பின் அச்சுக்கு மட்டும் மாட்டினார்.

"முன்னாடிக்கு?"

"பாரம் பின்னாடிதானே லா. நீ பேசாம சோறு ஆக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோறு ஆக்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு லோரிக்கு அடியில் படுத்தேன். டயரிலும் அச்சைச் சுழற்றும் ஷாஃப்டிலும் கோடு போட்டு, ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி எண்ணினேன். முன்பக்க ஷாஃப்ட் மூன்றரை சுற்று. பின்பக்கம் நாலரைக்கும் மேல்.

"முன்னாடி ஒருத்தன் மேல கியா பார்முக்கும் பின்னாடி ஒருத்தன் கீழ தானா ராத்தாவுக்கும் இழுத்தா லோரி எங்க போகும்? நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கறப்ப பல்லுதான் உடையும்!"

அவர் தானே படுத்து இரண்டு தடவை எண்ணினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஞாயிறு முழுக்க முன் அச்சையும் பிரித்து அதே மாதிரிப் பல்சக்கரம் மாட்டினோம்.

திங்கட்கிழமை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, முழுப் பாரத்தோடு புறப்பட்டேன். பாதை சொதசொதவென்று கிடந்தது. எப்போதும் நிற்கிற வளைவு வந்தது. அவர் கட்டையோடு குனிந்தார். லோரி நிற்கவில்லை. நான் எண்ணெய்ப் பெடலை அழுத்தி மிதிக்கக்கூட இல்லை, அது பாட்டுக்கு ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன், கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறார். "அப்படிப் போடு!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மேலே துரை சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தார். கொழுந்து குளுகுளுவென்று பச்சையாக இருந்தது.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரும்மா," என்றார்.

வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"இந்தக் கட்டைய என்ன செய்ய?"

"வெந்நீர் அடுப்புல போடுங்க லா. அப்படியே பேசாம சோத்தையும் ஆக்கிடுங்க."