முதல் ஃபெரியின் சொந்தக்காரர்கள்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நாத்தனாரான எனக்கே வாய் வருகிறது என்றால், அவள் என்ன செய்திருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம். குளியலறைக் கதவைத் தட்டுவதில் தொடங்கி அடுப்பைத் துடைக்காமல் போவது வரைக்கும் எங்களுக்குள் வராத சண்டை கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே வயது, அதனால்தான் ‘அவள்’ என்று எழுதுகிறேன். மரியாதை தெரியாதவள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், பிழைப்பு அந்தப் பக்கம். ஆறு கடலில் கலக்கிற இடம் என்பதால் அகலம் அதிகம். பாலம் வேண்டுமானால் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போக வேண்டும், போய்ச் சேரும்போது பாதி நாள் போயிருக்கும். எனவே எங்களுக்கு ஃபெரிதான். கீழ்த் தளத்தில் கார்களும் வேன்களும் ஏறும். நடந்து வருகிறவர்கள் ஓரமாகப் போய்ப் படியேறி மேலே கூடத்தில் உட்கார வேண்டும். அந்தக் கூடத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. பெஞ்சில் யாருடைய கைக்குட்டை கிடக்கிறதோ அந்த இடம் அவருடையது. அண்ணி தன் கைக்குட்டையோடு என்னுடையதையும் வாங்கிப் போட்டுவிடுவாள். உட்கார்ந்ததும் மடியில் பையை விரித்து இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கத் தொடங்குவாள். கூடவே பேச்சும் தொடங்கும். ஃபெரியின் ஹாரனைவிட அவள் குரல் தூரம் போகும் என்று சொல்லி, எல்லோரும் அவளை ‘ஹாரன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் செருப்புக் கடையில் இருக்கிறேன். கடை மெதுவாகத்தான் திறக்கும், அண்ணியோடு போகத்தான் முதல் ஃபெரி, மற்றபடி எனக்கு அவசரமில்லை. அண்ணிக்கு அப்படி இல்லை. அவள் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, எந்நேரமும் ஈர வெக்கை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே நேராகக் கொடுக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை. ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பல வருஷம் தினக்கூலியாக இருந்து இப்போதுதான் அவளை நிரந்தரமாக்கியிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றாமலே தூங்கிப்போனாள். நான் கேலி செய்தேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. முதல் வருஷத்தில் மூன்று தடவை தாமதமாக வந்தால் பழையபடி தினக்கூலி.

இனி என் அண்ணன். அவனுக்கு அந்த ஃபெரியிலேயே வேலை. மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏறுபலகையின் வாயில் நின்று, வண்டிகளுக்குக் கை காட்டுவான். கனமான வண்டி நடுவில், சின்ன வண்டி ஓரத்தில். இல்லாவிட்டால் படகு ஒரு பக்கம் சாயும். உலகத்திலேயே அவன் சொன்னதை நாலு பேர் கேட்கிற இடம் அந்த ஏறுபலகை ஒன்றுதான். மற்ற இடங்களில் ‘சரிங்க சார்’ என்பதைத் தாண்டி அவன் வாயிலிருந்து ஒன்றும் வராது. மளிகைக் கடைக்காரர் அழுகின தக்காளியைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். அண்ணிதான் திரும்பப் போய் மாற்றி வருவாள்.

ஒரு நாள் படகுத்துறையில் புதுப் பலகை மாட்டினார்கள். காலை முதல் ஃபெரியில் நடந்து வரும் பயணிகளுக்கு இனி அனுமதி இல்லை. கீழ்த் தளத்தில் நாங்கள் நடக்கிற ஓரத்தையும் சேர்த்துக்கொண்டால் கார்களை இன்னொரு வரிசை ஏற்றலாமாம். நடப்பவர்கள் அடுத்த ஃபெரியில் வரலாம். அந்த ஃபெரி அக்கரை சேருவதற்குள் ஆஸ்பத்திரியில் பாதி விரிப்புகள் காய்ந்திருக்கும். பலகையைப் படித்ததும் எங்களில் சிலர் பெருமூச்சு விட்டார்கள், சிலர் திட்டினார்கள், ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அண்ணி நேராக மேனேஜர் அறைக்குள் போய்விட்டாள்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் கஷ்டம் புரிகிறது, முடிவு மேலிடத்துடையது, வேலை அந்தக் கரையில் என்றால் வீட்டையும் அங்கே பார்த்துக்கொள்ளலாமே என்றார்.

“பாத்துக்கலாம் சார்,” என்றாள் அண்ணி. “என் புருஷன் இந்தக் கரையில உங்ககிட்டதான வேலை பாக்குறாரு? அவருக்கு ராத்திரி சோறு நீங்க போடுறீங்களா?”

மேனேஜருக்கு அவள் யாருடைய மனைவி என்று தெரிந்தது அப்படித்தான். வெளியே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த என் அண்ணன், சுருட்டினதையே அவிழ்த்துத் திரும்பச் சுருட்டினான்.

அந்த வாரத்தில் இரண்டு நாள் அண்ணி தாமதமாகப் போனாள். சலவைப் பகுதி மேற்பார்வையாளர் இரண்டு விரலைக் காட்டினாராம், மூன்றாவதை மடக்கி வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை அவள் டிக்கெட் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. கார் வரிசைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். வரிசையில் முதலில் நின்றது பல் டாக்டரின் வெள்ளைக் கார். தினமும் அதில் அவர் ஒருவர் மட்டும்தான் வருவார், ஜன்னலை ஏற்றி வைத்துக்கொண்டு. யாரோடும் பேசிப் பார்த்ததில்லை. அண்ணி கண்ணாடியைத் தட்டினாள். அவர் கையை ஆட்டி, போ என்றார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அவள் மறுபடியும் தட்டினாள்.

“நான் ஒண்ணும் பிச்சை கேக்கல சார். உங்க கார்ல மூணு சீட்டு சும்மா ஆத்தைத் தாண்டுது. அதுல ஒண்ணுல உக்காந்துக்கறேன்.”

கார் டிக்கெட் என்றால் கார், அதற்குள் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். அது ஊருக்கே தெரியும். பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வருகிற குடும்பங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம். ஆனாலும் அந்தக் காலி சீட்டுகளை எங்களில் ஒருவரும் சீட்டாகப் பார்த்ததில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கவே, டாக்டர் கதவைத் திறந்துவிட்டார். திறந்ததற்கு அதைத் தவிர வேறு நல்ல காரணம் எதுவும் இருந்ததாக நான் நம்பவில்லை. அண்ணி முன் சீட்டில் ஏறி, காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏறுபலகையில் நின்ற அண்ணன் அவளைப் பார்த்தான், பார்க்காதது மாதிரி வலது ஓரத்துக்குக் கை காட்டினான்.

அதற்கடுத்த நாள் நாங்கள் எல்லோரும் கண்ணாடி தட்டினோம். எல்லோரும் திறந்துவிடவில்லை. ஒரு அம்மாள் பின் சீட்டு நாயுடையது என்றாள். நாய் எங்களைப் பாவமாகப் பார்த்தது. ஆனால் பேக்கரி வேன்காரர் ரொட்டித் தட்டுகளை ஒதுக்கி மூன்று பேரை ஏற்றினார். குழாய் ரிப்பேர் செய்கிறவர் என்னை ஏற்றிக்கொண்டார். நடந்து வருகிற கூட்டம் முழுவதும் ஒரு பைசா கூடக் கொடுக்காமல் அக்கரை சேர்ந்தது. முன்பாவது டிக்கெட் காசு கிடைத்தது, இப்போது அதுவும் போயிற்று. அதுதான் கம்பெனியின் அடிமடியில் கை வைத்தது.

அடுத்த வாரம் பலகையில் இன்னொரு வரி ஏறியது. காருக்குள் ஓட்டுநரின் குடும்பத்தினர் மட்டுமே வரலாம். மேனேஜரே குடையோடு வந்து நின்று ஒவ்வொரு காராக விசாரித்தார், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பேக்கரி வேன்காரர் கண் இமைக்காமல், பின்னால் இருப்பது எங்கள் பெரியம்மா என்றார். அந்தப் பெரியம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவள். டைப்பிஸ்ட் ஒருத்திக்கு ஒரே காலையில் இரண்டு சித்தப்பா கிடைத்தார்கள். கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவள் நான். குழாய்க்காரர் என்னைக் காட்டி, “நம்ம வீட்டுக்காரி சார்” என்றார். மறுக்கவும் முடியாது, மறுத்தால் வழியில் இறங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியாகவே அக்கரை சேர்ந்தேன். நாய் வைத்திருந்த அம்மாள்கூட மனசு மாறி ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டாள். மாமனார் என்றாளாம்.

மேனேஜர் முட்டாள் இல்லை. எல்லோரும் தன்னைக் கேலிப்பொருளாக்குகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் என் அண்ணனைக் கூப்பிட்டார். நீ இந்த ஊர்க்காரன், யாருக்கு யார் சொந்தம் என்று உனக்குத்தான் தெரியும். நாளையிலிருந்து நீ நின்று சொல்ல வேண்டும், பொய் சொல்லும் காரைத் திருப்பி அனுப்ப வேண்டும். முதலில் உன் மனைவி ஏறும் காரை. செய்யவில்லை என்றால் உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான், சாப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னான். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வராதே, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்று கெஞ்சினான். அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்து நான் அடுக்களைக் கதவைச் சாத்தப் போனேன். அவள் கத்தவில்லை.

“நான் வருவேங்க,” என்றாள். “நீங்க கையைக் காட்டி நிறுத்துங்க. நிறுத்தறது உங்க வேலை, வர்றது என் வேலை. உங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. ஆனா அந்த மூணாவது விரலை அவங்களா நீட்டட்டும். நானே நீட்ட வெக்க மாட்டேன்.”

அண்ணன் எழுந்து போய்ப் படுத்துவிட்டான். எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அவள் கேட்டது இடம் இல்லை, தயவு இல்லை, தன் வேலைக்குப் போவது. அதற்குக்கூட நிற்காதவன் என்ன ஆம்பளை என்று அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார் வரிசையில் முதலாவதாக நின்றது. அதற்குப் பின்னால் பேக்கரி வேன், அதற்கும் பின்னால் குழாய்க்காரரின் பழைய கார், அதில் நான். ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன், நனைந்தால் நனையட்டும் என்று. மேனேஜர் குடையோடு டாக்டரின் பக்கம் குனிந்தார். இவர் யார் உங்களுக்கு என்றார்.

அத்தனை நாளும் டாக்டர் ‘சொந்தக்காரங்க’ என்று முணுமுணுத்துத்தான் தப்பித்திருந்தார். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என் தங்கச்சி.”

மேனேஜர் சிரித்தார். நிமிர்ந்து என் அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் ஏறுபலகையிலிருந்து இறங்கி வந்தான்.

“உன் பொண்டாட்டி இவருக்குத் தங்கச்சியாம்பா. நீயே சொல்லு, அப்படியா?”

வரிசையில் இருந்த ஒவ்வொரு ஜன்னலும் இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் முகத்தில் வழிந்த மழையை மஞ்சள் சட்டைக் கையால் துடைத்தான். அவளைப் பார்த்தான். பிறகு மேனேஜரைத் தாண்டி டாக்டரின் ஜன்னலுக்குக் குனிந்தான்.

“வாங்க மச்சான்,” என்றான். “வலது ஓரமா போய் நிறுத்துங்க.”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பினான். அவன் குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“பொண்டாட்டியோட அண்ணன் எனக்கு மச்சான்தான சார். அவரு தங்கச்சிங்கறாரு. இத்தனை வருஷமா நான் மாமியார் வீட்டுப் பக்கம் சரியாப் போறதில்ல. அது என் தப்பு.”

வெள்ளைக் கார் ஏறிப் போனது. அடுத்து வேனை, “பெரியம்மாவை ஜாக்கிரதையாக் கூட்டிட்டுப் போங்க” என்று நடுவில் விட்டான். எங்கள் கார் அவன் முன்னால் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவேயில்லை, குழாய்க்காரரைப் பார்த்தான்.

“வாங்க மாப்ளே. என் தங்கச்சிக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கங்க.”

அண்ணி நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். மேற்பார்வையாளரின் மூன்றாவது விரல் மடங்கியபடியே இருக்கிறது. சாயங்காலம் அண்ணனின் மஞ்சள் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் எங்களோடு அவனும் கிளம்பினான். எங்கே என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். துறையில் அவன் இடத்தில் ஒரு புது ஆள் நின்றிருந்தான், பக்கத்தில் மேனேஜர். அண்ணன் நேராக வேனிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினான். பேக்கரிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். இவர் யார் என்று புது ஆள் கேட்க வேண்டியிருந்தது, பாவம், அவனுக்குப் போட்ட உத்தரவு அது.

“எங்க வீட்டு மாப்பிள்ளை,” என்றார் பேக்கரிக்காரர்.

என் அண்ணன் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, மேனேஜரைப் பார்த்தபடியே ஏறுபலகையைக் கடந்தான். அக்கரையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.